பத்தொன்பது பக்கங்கள்

எங்கள் நகராட்சியின் வரிப் பிரிவில் மூன்று மேசைகள். ஜன்னலை ஒட்டியது என்னுடையது. தபால் பிரிப்பது, பதிவேட்டில் ஏற்றுவது, தட்டச்சு செய்வது என் வேலை. நடு மேசை தலைமை எழுத்தருடையது. கதவோரம் இருந்தது குழாய்க்காரருடையது. ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர், சமையலறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டியதும் உண்டு. அவரும் மறுபேச்சில்லாமல் போய் வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார். அது தன் வேலை இல்லை என்று சொல்ல வாய் வராது. எனக்கு அவர்மேல் கோபம் வருவதெல்லாம் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான்.

அவர் பார்த்துக்கொண்டது எரிவாயுக் குழாயை. எங்கள் ஊர் எல்லைக்குள் நிலத்துக்கு அடியில் நாற்பத்தொரு கிலோமீட்டர் போகிறது. எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும். அதில் ஓடும் வாயுவில் ஒரு துளி எங்கள் அடுப்புக்கு வராது. ஆனால் எங்கள் மண்ணில் படுத்திருக்கிறது, ஆகவே வீட்டுக்கு இருப்பது போல அதற்கும் சொத்துவரி உண்டு. குழாயின் அகலம், நீளம், வயது, இந்த மூன்றையும் வைத்து வரி போடுவார்கள். வருஷா வருஷம் மதிப்பு கழியும். முப்பது வருஷம் ஆகிவிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் மதிப்பு மறுபடி முழுசாக ஏறும். இதில் நியாயம் என்பதெல்லாம் யாராவது ஒருவர் நேரில் போய் எது பழசு, எது புதுசு என்று பார்த்து எழுதுவதில்தான் இருக்கிறது. கம்பெனி தானாக வந்து சொல்லாது. எந்த வீட்டுக்காரர்தான் மாடி எடுத்ததைத் தானாக வந்து சொன்னார்?

குழாய் போகும் வழி நெடுக எண் போட்ட மஞ்சள் கம்பங்கள் நட்டிருப்பார்கள். நூற்றிரண்டு கம்பம். மாதத்தில் பத்து நாளாவது அவர் கம்பம் கம்பமாக நடப்பார். முழங்கால்வரை பூட்ஸ், தள்ளிக்கொண்டு போகும் அளவுச் சக்கரம், துணிப்பையில் நாலு துண்டு ரொட்டியும் அவித்த முட்டையும், கூடவே தடித்த நீல அட்டை நோட்டு ஒன்று. அதைக் கள ஏடு என்போம். நாளுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, அடுத்து வானிலை, பிறகு எந்தக் கம்பம் முதல் எந்தக் கம்பம்வரை, என்ன கண்டது. பக்கத்தின் அடியில் ‘நேரில் கண்டேன்’ என்று அச்சிட்டிருக்கும். அதன் கீழே கையெழுத்து. வேலை நடக்கும் காலத்தில் ஒரு பக்கம்கூட வெற்றாக விடக் கூடாது. விட்டால் தணிக்கைக்கு வருகிறவர்கள் நோட்டையே செல்லாது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஊரில் கிணறெல்லாம் வற்றிப்போன வருஷம் அது. கம்பெனி நாற்பத்தெட்டாம் கம்பத்திலிருந்து எழுபத்தைந்துவரை, ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டர், வாய்க்கால் மாதிரி வெட்டிப் பழைய குழாயைத் தூக்கிவிட்டுப் புதுக் குழாய் இறக்கியது. எங்களுக்கு வந்த கடிதத்தில் ‘சிறு பழுதுபார்ப்பு’ என்று இருந்தது. நாலு மாத வேலை. குழாய்க்காரர் தினமும் போனார். வெட்டிய குழியின் ஓரத்தில் நின்று, எத்தனை குழாய் இறங்கியது, குழாய்க்குக் குழாய் சேர்த்த ஒட்டு எந்த இடத்தில் என்று எழுதினார். புழுதியில் தலை செம்பட்டையாகி வருவார். அங்கே வேலை பார்த்த வெல்டர் ஒருவன் அவருக்குச் சினேகமாகிவிட்டான்.

மூன்றாவது மாதம் அவர் மனைவி படுத்துவிட்டாள். அவளை நான் அக்கா என்பேன். தையல்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பாள். கால் வீங்கியபோது நாள் முழுக்க மிதிப்பதால் வந்தது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டது தெரிந்தது. பத்தொன்பது நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். குழாய்க்காரர் கட்டிலைவிட்டு நகரவில்லை.

அவருக்கு மாற்றாக நடக்க அலுவலகத்தில் ஆள் கிடையாது. தலைமை எழுத்தர் நல்ல மனுஷர். நீ பொண்டாட்டியைப் பார், ஆனால் பக்கத்தை மட்டும் வெற்றாக விட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினார். எங்கள் மூவரில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நோட்டை அவருக்குத் தபாலில் அனுப்பியதே நான்தான். தினமும் சாயங்காலம் அவர் வெல்டருக்குப் போன் போட்டு, இன்றைக்கு எந்தக் கம்பம்வரை வந்தது, எத்தனை குழாய், எங்கே ஒட்டு என்று கேட்டு, அக்காவின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து எழுதினார். ஊர் திரும்பியதும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் மண் மூடாத குழியோரம் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பத்தொன்பது நாள் வேலையையும் அளந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரிபார்த்ததை எழுத ஏட்டில் இடம் இல்லை. அந்த நாட்களின் பக்கங்கள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன.

அந்த ஏட்டை வைத்துத்தான் நகராட்சி புதுக் குழாய்க்குப் புது வரி போட்டது. கம்பெனி முனகிக்கொண்டே கட்டியது. அதிலிருந்துதான் சுகாதார நிலையத்தின் பின்பக்கம் ஓர் அறை எடுத்து, ரத்தம் சுத்தம் செய்யும் இரண்டு மெஷின் போட்டு, ஒரு நர்ஸையும் வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஏழு பேருக்கு அது தேவைப்பட்டது. அதில் அக்காவும் ஒருத்தி. கம்பெனியின் தர்மத்தில் வந்த அறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். தர்மமாவது, மண்ணாவது. நியாயமாக வரவேண்டிய வரி வந்தது, அவ்வளவுதான்.

ஏழு வருஷம் அக்கா வாரத்தில் மூன்று நாள் அந்த அறைக்கு நடந்தே போய் வந்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். நாலு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வந்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சாயங்காலம் மறுபடி மெஷினில் உட்காருவாள். ஊசி ஏற்றும் இடக்கையில் கனம் தூக்கக் கூடாது என்பதால் துணியை வலக்கையால் தள்ளி, இடக்கையால் சும்மா வழிகாட்டுவாள். ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான். அதிலும் ஒரு தம்ளரை ஐஸ் கட்டியாக்கி, ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொள்வாள். உருளைக்கிழங்கை இரண்டு தடவை தண்ணீர் மாற்றி வேகவைத்து உப்பில்லாமல் தின்பாள். காகிதத்தை வேகவைத்தாலும் இதைவிட ருசியாக இருக்கும் என்பாள். அந்த அறையின் ஜன்னல்களுக்கு அவளே திரைச்சீலை தைத்து மாட்டினாள். நர்ஸம்மாவுக்கு இரண்டு கவுன் தைத்துக் கொடுத்து, இடுப்பளவைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். நோயாளி வீடு என்ற எண்ணமே அங்கே போனால் எனக்கு வராது.

எட்டாவது வருஷம் கம்பெனி மேல்முறையீடு செய்தது. புதுக் குழாய் என்று எதுவும் போடவில்லை, ஆங்காங்கே ஒட்டுப் போட்டதுதான், எல்லாமே முப்பது வருஷப் பழசு என்றது. உங்கள் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அலுவலகம் மாறியபோது தொலைந்துவிட்டது என்றது. தோண்டிப் பார்ப்போம் என்று எங்கள் வக்கீல் கேட்டார். உள்ளே வாயு ஓடுகிறது, உயிருக்கு ஆபத்து என்று தீர்ப்பாயம் அதை மறுத்துவிட்டது. கடைசியில் எங்கள் பக்கம் மிஞ்சியது அந்த நீல அட்டை நோட்டு ஒன்றுதான்.

விசாரணைக்கு முதல் நாள் ஏட்டின் தட்டச்சுப் பிரதியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் போகப்போவது நாற்காலி போட்ட அறைக்கு. அதற்கு எதற்குப் பூட்ஸ் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

“நேர்ல பாத்தீங்களான்னு கேப்பாங்களா?” என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டினார்.

“கேட்டா ஆமான்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. குழாய் போட்டது நெஜம். நீங்க அப்புறம் போய் அளந்ததும் நெஜம். நடுவுல அந்த ஒரு வார்த்தையால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

“பாக்கலாம்.”

“நீங்க பாக்கலாம்னு சொன்னா எனக்கு பயமா இருக்கு.” அவள் என் பக்கம் திரும்பினாள். “நீயாச்சும் சொல்லேன் இவருக்கு.”

நானும் சொன்னேன். தலைமை எழுத்தர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது, வெல்டர் எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது, மிச்சமிருப்பது இந்த அறையில் இருக்கும் மூன்று பேர்தான், நாங்களா போய்ச் சொல்லப்போகிறோம் என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அவர் பூட்ஸுக்குள் காகிதத்தைத் திணித்து மூலையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

தீர்ப்பாயம் ஒரு சின்ன அறை. நீள மேசைக்குப் பின்னால் தலைவர், இரு பக்கமும் வக்கீல்கள், சுவரோரம் பத்து நாற்காலி. அன்றைக்கு அக்காவுக்கு மெஷின் நாள். ஒரு நாள் தள்ளினால் செத்துவிட மாட்டேன் என்று சொல்லி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வக்கீல் இளம் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. அவளைக் கண்டதும் வெறுக்க வேண்டும் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் எழுந்து, தொண்டையைக் கனைத்து, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் ஆரம்பித்தபோது எனக்கு அது முடியவில்லை.

ஒரு மணி நேரம் அகலத்தையும் நீளத்தையும் கேட்டாள். அவர் ஏட்டைப் பார்க்காமலே சொன்னார். தலைவரே இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வக்கீல் மேசைக்கடியில் காலை ஆட்ட ஆரம்பித்துவிட்டார், அவ்வளவு சந்தோஷம்.

“ஐயா, நீங்க ரொம்ப ஒழுங்கா எழுதறவர்” என்றாள் கம்பெனி வக்கீல். “வானிலைகூட விடாம எழுதியிருக்கீங்க. அது பாத்துத்தானே எழுதறது?”

“பாத்துத்தான்.”

“இந்தப் பக்கம் பாருங்க. ‘காலை முதல் மழை.’ அடுத்த நாள், ‘மழை, மாலையில் விட்டது.’ இந்த மாதிரி ஆறு நாள் இருக்கு.” அவள் ஒரு தாளை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தாள். வழியில் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்பெனி நிலையத்தில் மழைமானி இருக்கிறதாம். “அந்த மாசம் உங்க ஊர்ல ஒரு சொட்டு பெய்யல. கெணறு வத்தின வருஷம். இந்த மழைய நீங்க பாத்தீங்களா?”

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்து, பிரதி எடுத்ததில் வந்த பிழை என்றார். தலைவரும், வேறு வருஷத்துக் குறிப்பு கலந்துவிட்டதோ என்று அவரைப் பார்த்துக் கேட்டார். கேட்டது கேள்வி மாதிரி இல்லை; கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாரும் ஐயா என்று கூப்பிட்டது மாதிரிதான் இருந்தது. ஆமாங்க, தப்பா எழுதிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“மழை பெஞ்சுதுங்க” என்றார் குழாய்க்காரர். “நான் பாத்தேன்.”

“எங்க பாத்தீங்க?”

அவர் சுவரோரம் திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரி ஜன்னல்லேர்ந்து.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பத்தை வெல்டர் சொன்னான், எழுதினார். ஒட்டை வெல்டர் சொன்னான், எழுதினார். வானிலையை அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பக்கத்தில் அந்த இடத்தை வெற்றாகவும் விட முடியாது, வானத்தை இட்டுக்கட்டவும் அவருக்கு மனம் வரவில்லை. பெரிய டவுனில் ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையை அப்படியே எழுதியிருக்கிறார். பொய் எழுதிப் பழக்கமில்லாதவர் பொய் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். பத்தொன்பது நாள், போன், வெல்டர், ஞாயிற்றுக்கிழமை அளந்தது, எதையும் விடவில்லை. தலைவர் எழுதிக்கொண்டே இருந்தார். கம்பெனி வக்கீல் ஜெயித்த முகத்தோடு எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினாள்.

இரண்டு நாள் அக்கா அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் ரொட்டி வாங்கிக்கொண்டு போனபோது அவர் உருளைக்கிழங்கின் இரண்டாம் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். அக்கா தையல் மெஷினில் இருந்தபடியே, திரும்பாமல் கேட்டாள்.

“எழுத வந்துச்சு. சொல்ல வரலயா உங்களுக்கு?”

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். “எழுதறப்போ உன்னப் பாத்துக்கிட்டு எழுதினேன். சொல்றப்போ அவங்க என்னப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

அக்கா கையிலிருந்த மடிப்பைத் தைத்து முடித்தாள். அப்புறம் எழுந்து வந்து அவர் கையிலிருந்த கரித்துணியை வாங்கிக்கொண்டு, போய் உட்காருங்க, நான் பாத்துக்கறேன் என்றாள்.

தீர்ப்பு தபாலில் வந்தது. உறையைப் பிரித்தது நான்தான். பத்தொன்பது பக்கங்கள் நேரில் காணாமல் எழுதப்பட்டவை, ஆகவே ஏடு முழுவதும் நம்பத் தக்கதல்ல, குழாய் முழுவதும் பழையதாகவே கருதப்படும், கூடுதலாக வாங்கிய வரியை வரும் வருஷங்களில் கழித்துக்கொடுக்க வேண்டும் என்று இருந்தது. முந்நூறு பக்க ஏடு. இருநூற்று எண்பத்தொரு பக்கம் அந்த மனுஷர் வெயிலில் நின்று எழுதியது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தத் தாளை அவர் மேசையில் வைக்க எனக்குக் கை வரவில்லை; மதியம்வரை என் இழுப்பறையிலேயே வைத்திருந்தேன்.

அவரை விசாரணை வைக்காமல் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். அதைக் கருணை என்று சொன்னார்கள். மெஷின் அறை நாலு மாதம் தாக்குப்பிடித்தது. முதலில் நர்ஸம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்புறம் ஒரு லாரி வந்து இரண்டு மெஷினையும் பெரிய டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஏழு பேரில் இரண்டு பேர் பிள்ளைகளோடு ஊரைவிட்டே போனார்கள். மர அறுவை மில் வாட்ச்மேன் இரண்டே மாதத்தில் இறந்துபோனார். மற்ற நாலு பேர் பஸ் ஏறினார்கள்.

காலை ஆறு மணி பஸ். போக நாலு மணி நேரம், படுக்கையில் நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். குழாய்க்காரர் கூடவே போவார். திரும்பி வரும்போது அக்காவுக்கு வாந்தி வரும். மடியில் பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்துக்கொள்வாள். அவளால் படி ஏற நேரமாகும் என்று ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். முதல் வாரமே அவள் என்னிடம் சொன்னாள், “நம்ம மெஷின அங்க பாத்தேன்டி. நர்ஸம்மா ஒட்டின ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. எனக்கு முந்தியே டவுனுக்கு வந்து செட்டிலாயிடுச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மூன்று நாள் இரண்டு நாளாயிற்று. டாக்டர் திட்டினார். பஸ்ஸுக்குத்தான் உடம்பு தாங்கல, மெஷினுக்குத் தாங்கும் என்றாள். தையல் நின்றுவிட்டது. பாதி வெட்டிய சீருடைத் துணியெல்லாம் மெஷின்மேல் மடித்தபடி கிடந்தது.

பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு வாசலில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. நான் அங்கேதான் இருந்தேன். தோண்டும் ஆட்களின் மேஸ்திரி இறங்கி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதக் கட்டு. பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. நான் தட்டச்சு செய்த பிரதி.

அறுபத்து மூன்றாம் கம்பத்துக்கு மேற்கே புல் வட்டமாகக் கருகிக் கிடக்கிறதாம். அடியில் எங்கோ கசிவு. ஒட்டு எங்கே என்று தெரியாமல் மெஷினை வைத்துத் தோண்டினால் பொறி பட்டு எல்லோரும் போய்ச் சேர வேண்டியதுதான். கம்பெனியிடம் நிஜமாகவே பதிவேடு இல்லை. மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “கேஸ்ல இந்தப் பிரதி கெடச்சதுலேர்ந்து நாங்க உங்க நோட்ட வெச்சுத்தாங்க தோண்டறோம். இந்த எடம் மட்டும் கொஞ்சம் புரியல.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தீர்ப்பாயத்தில் ஆகாத நோட்டு உங்களுக்கு மட்டும் எப்படி ஆயிற்று என்று கத்தினேன். குழாய்க்காரர் என்னைக் கையமர்த்திவிட்டுப் பூட்ஸை எடுத்தார். அக்கா படுக்கையில் இருந்தபடி, போய்ட்டு வாங்க, அங்க மனுஷங்கதானே வேல செய்றாங்க என்றாள். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

பத்தொன்பது பக்கங்களில் பதினாலாவது பக்கம் அது. கம்பத்திலிருந்து சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய் நூற்றுப்பத்து மீட்டரில் நின்றார். இங்கே அடியில் பாறை, அதனால் குழாயை வளைத்து ஒட்டினார்கள் என்றார். ஆட்கள் மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டினார்கள். வெயில் தலையைப் பிளந்தது. இரண்டு மணி நேரத்தில் பாறை தெரிந்தது. அதைச் சுற்றி வளைந்து குழாய், வளைவில் ஒட்டு. மேஸ்திரி இறங்கி ஈரத் துணியால் துடைத்தார். இரும்பில் வருஷம் பொறித்திருந்தது. கிணறு வற்றிய அதே வருஷம்.

“ஒரு அடிகூடத் தப்பலீங்க” என்றார் மேஸ்திரி.

நான் போனை எடுத்தேன். படமெடுக்கக் கூடாதும்மா என்று சொன்ன மேஸ்திரி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு ஜீப் பக்கம் போய்விட்டார். வருஷம் தெளிவாகத் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்தேன். குழாய்க்காரர் மண்மேட்டில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் இருவரும் வக்கீலிடம் போனோம். முடிந்த வருஷங்களை இனித் தொட முடியாது என்றார். ஆனால் வரும் வருஷத்து மதிப்பீட்டைப் புதிதாகப் போடலாம், படம் இருக்கிறது, கசிவு என்று கம்பெனியே தோண்டியதால் அவர்களால் மறுக்க முடியாது, இந்தத் தடவை நிற்கும் என்றார். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகும், எல்லாம் முடிய மூன்று வருஷம் ஆகும். குழாய்க்காரர் படியில் இரண்டிரண்டாக இறங்கினார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த வயசுக்கு அப்படி நடந்ததில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அக்கா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். போனை வாங்கிப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

“நீங்க எழுதினது சரிதான்னு ஆயிடுச்சுல்ல?”

“ஆயிடுச்சு.”

“மெஷின் திரும்ப வருமா?”

“வரும். மூணு வருஷங்கறார் வக்கீல்.”

“மூணு வருஷமா.” போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். “வரட்டும். நாலு பேருக்கு ஆகும்.” பிறகு அவரைப் பார்த்தாள். “நாளைக்கு பஸ்ஸுக்கு என்னை எழுப்பாதீங்க.”

“உடம்பு முடியலன்னா நாளன்னைக்குப் போலாம்.”

“நாளன்னைக்கும் எழுப்பாதீங்க.”

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன், அக்காவின் தங்கை போனில் அழுதாள், டாக்டர்கூடப் பேசினார். வாரம் ஒரு தடவையாவது என்றார்கள். டவுனிலேயே அறை எடுத்துத் தங்கலாம் என்றார்கள். அவள் யாரையும் இடைமறிக்கவில்லை. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு சொன்னாள், “வாரத்துல ரெண்டு நாள் பஸ்ல போகுது. ரெண்டு நாள் அந்த அசதியில போகுது. மிச்சம் இருக்கிறதயாவது என் வீட்ல இருந்து பாக்கறேனே. இதுக்குமேல என்னை இழுக்காதீங்க.”

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வீங்கிய பாதத்தில் அவர் விரல் பதிந்த இடம் குழிவிழுந்து, நிரம்ப வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை நான் பால் வாங்கப் போனபோது அவர் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் பை இல்லை, வாளி இல்லை. பஸ் வந்தது. ஓட்டுநர் வழக்கம்போல எஞ்சினை அணைத்துவிட்டு முன்கதவைத் திறந்தார்.

“அம்மா மெதுவா வரட்டும் சார்” என்றார்.

“அவ வரல. இனிமே நீங்க இங்க நிக்க வேண்டாம், அதச் சொல்லத்தான் வந்தேன்.”

ஓட்டுநர் தெருவின் கோடிவரை பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். “இருக்கட்டும் சார். ஒரு அஞ்சு நிமிஷம் பாக்கறேன்” என்றார்.

குழாய்க்காரர் படிக்கு வெளியே நின்றார். ஐந்து நிமிஷம் ஆனதும் ஓட்டுநர் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார்.